எல்லைப் பலாவின் முறை வருஷம்

குருவப்பன் சங்கத்தில் சேர்ந்த அன்று சடையாண்டியின் மரங்களுக்கு நிழல் இல்லாமல் போயிற்று.

மரங்கள் எங்கும் போகவில்லை. நாலு ஏக்கர் காப்பித் தோட்டத்தில் நூற்றுப் பதினேழு சில்வர் ஓக்கும், எட்டுப் பலாவும், மிளகுக்கொடி ஏறிய முள்முருங்கைகளும் நின்ற இடத்தில்தான் நின்றன, இலை அசைந்தது, குருவி கத்தியது, ஆனால் மாசி மாத வெயில் அந்த இலைகளையெல்லாம் சல்லடையில் தண்ணீர் போவதுபோலக் கடந்து இறங்கி, காப்பிச் செடிகளின் உச்சந்தலையில் நேராக விழுந்தது. நிழல் மட்டும்தான் போயிற்று. காலை ஒன்பதரை மணிக்குப் பெரிய நிழல்கள் முன்னாலும் சின்ன நிழல்கள் பின்னாலுமாக, சந்தைக்குப் போகிற ஆடுகள் மாதிரி வரிசை கட்டி, வேலியைத் தாண்டிக் குருவப்பன் தோட்டத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. கொம்பேறிக்காடு என்ற அந்த மலையூரில் அதைப் பார்த்தவர்கள் பத்துப் பேருக்குக் குறையாது. ஏன் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

சங்கம் என்றால் சாதிச் சங்கம் இல்லை, ரசிகர் சங்கமும் இல்லை. பொறுப்பான காடு வளர்ப்போர் சங்கம். மலைக்குக் கீழே வத்தலக்குண்டில், ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அதில் சேர்ந்தவன் ஒரு மரம் வெட்டினால் மூன்று நட வேண்டும், ஓடைக்கரையில் கை வைக்கக் கூடாது, வேலைக்கு வருகிறவர்களுக்குக் குடிக்க நல்ல தண்ணீரும் மழைக்கு ஒதுங்க இடமும் தர வேண்டும், மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. பதிலுக்குச் சங்கம், உறுப்பினரின் பெயர் எழுதிய பச்சைத் தகரப் பலகை ஒன்று கொடுக்கும். ஆணி கூடாது என்பதால் குருவப்பன் அதைக் கல்தூணில் கம்பியால் கட்டி நிறுத்தினான். நிறுத்தின இடம் சடையாண்டியின் வாசலுக்கு நேர் எதிரே. மற்ற இடமெல்லாம் பாறை, குழி இறங்கவில்லை என்று அவன் சொன்னது உண்மை. அந்த உண்மைதான் சடையாண்டிக்கு ஆகவில்லை.

இருவரும் பங்காளிகள், பெரியப்பன் மகனும் சித்தப்பன் மகனும். சடையாண்டி நாலு வயசு மூத்தவன். குருவப்பனுக்குத் தொட்டில் கட்டிய சேலை தன் தொட்டில் சேலையைவிடப் புதுசு என்று ஏழு வயதில் யாரோ சொல்லக் கேட்ட நாளிலிருந்து, அவன் சைக்கிள் வாங்கினால் இவனுக்குக் கால் வலித்தது, அவன் கிணற்றில் ஊற்றுக் கண்டால் இவனுக்கு நாக்கு வறண்டது, அவன் வீட்டுக் குழம்பு வாசம் காற்றில் வந்தால் இவன் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்கவில்லை, இப்படியே ஐம்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. இப்போது பலகை. அதற்குப் பின்னால் நிழல்.

"அண்ணே, நான் கூப்பிடல. அதுவா வந்து படுத்திருக்கு. பத்திவிட்டாலும் போக மாட்டேங்குது" என்றான் குருவப்பன், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று.

"அது எப்படிறா போகும்? நீ தட்டுல வச்சுச் சோறு போட்டிருப்ப."

"நிழலுக்கு யாருண்ணே சோறு போடுவாங்க?"

"நீ போடுவடா. நீ போடுவ."

ஊர் இரண்டு நாள் இதைப் பேசியது. மூன்றாம் நாள் பழகிக்கொண்டது. நிழல்மேல் நிழல் விழுந்து குருவப்பன் தோட்டம் கம்பளி போர்த்தியதுபோல ஆகிவிட்டதால், காசிம் ராவுத்தர் தன் டீக்கடை பாய்லரையும் இரண்டு பெஞ்சுகளையும் தூக்கிக்கொண்டுபோய் அங்கே போட்டார். பஸ் டிரைவர் வண்டியை அங்கே நிறுத்தி ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் கீழே இறக்கினார், கண்டக்டர் அந்த இடத்துக்கு டிக்கெட்டே கிழித்தார். கோழிகள் பதினோரு மணிக்கே பொழுது அடைந்துவிட்டதென்று கூட்டுக்குப் போய், நாளுக்கு இரண்டு தடவை விடிந்ததால் இரண்டு முட்டை இட்டன. துவைத்த துணி மூன்று நாளாகியும் காயவில்லையென்று குருவப்பனின் மருமகள் மூக்கைச் சிந்தினாள். சீட்டாடுகிறவர்கள் நடுப்பகலில் விளக்கு ஏற்றி வைத்துக்கொண்டு ஆடினார்கள். எந்த நிழல் எந்த மரத்தினுடையது என்பது ஊருக்கு அத்துப்படி. "இந்தா, இது சடையாண்டி அண்ணன் வீட்டு ஓக்கு. நுனி முறிஞ்சிருக்கு பாரு, இடி விழுந்தது" என்று காட்டிவிட்டு அதன்மேலேயே துண்டை விரித்துப் படுத்தார்கள்.

வி.ஏ.ஓ. வந்தார். சங்கிலி பிடித்து அளந்தார், அடங்கல் பதிவேட்டைப் புரட்டினார். "மரத்துக்குக் கட்டம் இருக்கு, கிணத்துக்குக் கட்டம் இருக்கு. நிழலுக்கு இல்லையே, பெரியவரே. நான் எங்க எழுதுறது?" என்று கேட்டுவிட்டு, வெயில் தாங்காமல் குருவப்பன் பக்கம் போய் உட்கார்ந்து மோர் குடித்தார்.

குருவப்பனை எல்லோரும் 'மெம்பர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "அப்ப நான் யாருப்பா?" என்று பஞ்சாயத்து வார்டு மெம்பர் கோபித்துக்கொண்டார். அவரை 'பழைய மெம்பர்' என்றார்கள். சடையாண்டி டீ குடிப்பதை நிறுத்தினான்.

தோட்டம் கருக ஆரம்பித்தது. காப்பி நிழலில் வாழ்கிற செடி. இலை ஓரம் பழுத்து, பிறகு காய்ந்து, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. கோடை இப்படியே போனால் வைகாசி முடிவதற்குள் நாலு ஏக்கரும் விறகு. சடையாண்டியின் பெண்டாட்டி ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு விடிந்ததிலிருந்து குடம் குடமாக ஊற்றினாள். அந்த மரங்களின் அடியில் நாற்பது வருஷமாகப் பழம் பறித்தவள். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. சடையாண்டி அதைச் சொல்லி ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. 'ஏ', 'இந்தா புள்ள', இவ்வளவுதான். ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவன் கேட்டபோதுகூட "எழுதேன், வீட்டுக்காரின்னு" என்று சொன்னவன் அவன்.

"வேலிக்கு அந்தப் பக்கம் போய் ஒரு வார்த்தை நல்லபடியா பேசிட்டு வாங்களேன்" என்றாள் அவள்.

"எவன்கிட்ட? அவன்கிட்டயா?"

"நிழல்கிட்ட."

"உனக்கும் கிறுக்குப் பிடிச்சுப்போச்சு" என்றான்.

ஆனால் போனான். போய்ப் பார்த்தான். அவனுடைய நிழல்கள் அங்கே சாப்பிட்டு முடித்த நாய்கள் மாதிரி நீட்டிப் படுத்திருந்தன, ஒன்றும் தலை தூக்கவில்லை. வயிறு எரிந்தது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தான். சாயங்காலம் வீடு திரும்பி, மறுநாள் காலையில் வெயில் ஏறும்போது மறுபடி கிளம்புகிற அவன் மரங்களின் நிழல்கள் எல்லாமே எல்லைப் பலாவின் நிழல்மேல் ஏறித்தான், பாலத்தில் நடப்பதுபோல, அந்தப் பக்கம் போயின.

எல்லைப் பலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாகம் பிரித்த காலத்தில் வேலி சரியாக அந்த மரத்தின் நடுவில் வந்தது. வெட்டவும் மனசில்லை, விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. ஒரு வருஷம் மூத்த வீட்டுக்கு, மறு வருஷம் இளைய வீட்டுக்கு என்று முறை வைத்தார்கள். முறை வருஷத்தில் அந்த மரம் முழுசாக அந்த வீட்டுடையது. பழம், இலை, விழுகிற சுள்ளி, எல்லாம். தைப்பொங்கலன்று கைமாறும். அறுபது வருஷமாக ஒரு சுளைகூட முறை தவறிப் போனதில்லை.

இந்த வருஷம் குருவப்பன் முறை.

ஒரு நாள் உச்சிவெயிலில், ஊரே வேலிக்கு அந்தப் பக்கம் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது, சடையாண்டி கொத்தரிவாளை எடுத்துக்கொண்டு போய்ப் பலாவின் அடித்தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்தான். வளையம் போட்ட மரம் நின்றபடியே சாகும், அது மலையில் எல்லோருக்கும் தெரியும். பால் வடிந்தது. அரிவாளைப் புல்லில் துடைத்துவிட்டு, கீழ்ச்செடிகளை இழுத்து வளையத்தை மறைத்துவிட்டு வந்தான். பாலம் போய்விட்டால் நிழல் எப்படிப் போகும் என்பது அவன் கணக்கு.

நிழல்கள் மறுநாள் போகவில்லை, அதுவரைக்கும் கணக்கு சரி. ஏனென்றால் அவை திரும்பி வரவே இல்லை. முன்பு சாயங்காலத்தில் வீட்டுக்கு வந்து, விடிந்த பிறகு போய்க்கொண்டிருந்தவை, இப்போது வருகிற வழி அறுந்து அங்கேயே தங்கிவிட்டன. சடையாண்டியின் தோட்டத்தில் சாயங்கால நிழலும் இல்லாமல் போயிற்று.

அதற்குமேல் அவனால் பொறுக்க முடியவில்லை. வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறினான்.

சங்கத்தின் செயலாளர் எஸ்தர் என்ற அம்மா. மேஜைமேல் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"உறுப்பினராகணும்" என்றான் சடையாண்டி.

"சந்தோஷம். எந்த பெஞ்சு?"

சங்கத்தில் மூன்று பெஞ்சு. மரம் வளர்த்து வெட்டி விற்கிறவர்களுக்கு ஒன்று, மரத்தடியில் உழைத்துப் பிழைக்கிறவர்களுக்கு ஒன்று, பறவைக்கும் ஓடைக்கும் சேர்த்துப் பேசுகிறவர்களுக்கு ஒன்று. எந்த பெஞ்சில் எத்தனை பேர் இருந்தாலும் மூன்றுக்கும் ஓட்டு எடை ஒன்றுதான்.

"குருவப்பன் எதுல இருக்கான்?"

"முதல் பெஞ்சுல."

"அவனுக்கு முன்னாடி உக்கார ஏதாச்சும் பெஞ்சு இருக்கா?"

எஸ்தரம்மா நிமிர்ந்து பார்த்தார். "அப்படி எதுவும் இல்லைங்க. முதல் பெஞ்சுன்னே போட்டுக்கவா? ரெண்டு உறுப்பினர் கையெழுத்து வேணும். முப்பது நாள் உங்க பேரை ஊர்ல எழுதி மாட்டுவோம். ஆட்சேபம் இருந்தா சொல்லலாம். முப்பத்தோராவது நாள் உங்க தோட்டத்துலயே கூட்டம்."

"ரெண்டு கையெழுத்துக்கு எங்க போறது? எங்க ஊர்ல மெம்பர்னு இருக்கிறது..." சொல்லவந்தவன் நிறுத்திக்கொண்டான்.

ஒன்று குருவப்பன். மற்றது காசிம் ராவுத்தர். இரண்டாம் பெஞ்சு, நிழலில் கடை போட்ட வாரமே சேர்ந்துவிட்டார். சடையாண்டிக்காக அவன் பெண்டாட்டிதான் விண்ணப்பத்தை வேலிக்கு அந்தப் பக்கம் எடுத்துப் போனாள். குருவப்பன் படித்துக்கூடப் பார்க்கவில்லை, கையெழுத்துப் போட்டான். "அண்ணன் வந்தா நல்லதுதான, அத்தாச்சி" என்றானாம். அதைக் கேட்ட அன்று சடையாண்டி சாப்பிடவில்லை. மறுத்திருந்தால் நன்றாகச் சாப்பிட்டிருப்பான்.

முப்பது நாளும் அவன் பெயர் டீக்கடைப் பாய்லருக்குப் பக்கத்தில் அட்டையில் தொங்கியது. அந்த முப்பது நாளில் இன்னொன்றும் நடந்தது. சடையாண்டியின் வேட்டிகள் குறைந்தன. கொடியில் போட்ட பழைய வேட்டி ஒன்று முதல் வாரம் காணோம். இரண்டாம் வாரம் இன்னொன்று, பாதி மட்டும்.

"பார்த்தியா? வேட்டியும் அவன் பக்கம் போக ஆரம்பிச்சிருச்சு" என்றான் பெண்டாட்டியிடம்.

"போகும், போகும்" என்றாள் அவள். அவள் கையில் செம்மண்ணும் சாணியும் அப்பியிருந்தது. அதை அவன் பார்த்தான். அடுப்பு மெழுகியிருப்பாள் என்று விட்டுவிட்டான். எதிர்ப்பலகையின் எழுத்து எத்தனை விரல் உயரம் என்று வாசலில் நின்று ஒற்றைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தான்.

முப்பத்தோராவது நாள் சித்திரை வெயில் பிளந்தது. கூட்டம் விண்ணப்பதாரர் நிலத்தில்தான் நடக்க வேண்டும். சடையாண்டி பந்தல் போட்டான். தென்னங்கீற்று வேய்ந்து முடித்த மறு நிமிஷம் பந்தலின் நிழல் நழுவி, வேலிக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் போய்விட்டது. ஆட்கள் பழக்கப்பட்டவர்கள், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். எஸ்தரம்மா ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார். ஓடைக்கரையில் வெட்டியதுண்டா? இல்லை. வேலையாட்களுக்குத் தண்ணீர்? உண்டு. "கடைசிக் கேள்வி. அஞ்சு வருஷத்துக்குள்ள, நிக்கிற மரம் எதையாவது சாகடிச்சது உண்டா?"

"என் மரம் எதையும் நான் தொடல" என்றான் சடையாண்டி. குரல் உறுதியாக இருந்தது.

"யாருக்காவது ஆட்சேபம்?"

எல்லோரும் குருவப்பனைப் பார்த்தார்கள். குருவப்பன் இல்லை என்று தலையாட்டினான்.

"எனக்கு இருக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சடையாண்டி திரும்பிப் பார்த்தான். அவன் பெண்டாட்டி எழுந்து நின்றிருந்தாள். தலையிலிருந்த ஈரச் சாக்கை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேலியை நோக்கி நடந்தாள். ஊர் பின்னால் போனது. எல்லைப் பலாவின் அடியில் கீழ்ச்செடியை விலக்கினாள். வளையம் போட்ட இடத்தில் வேட்டிக் கரை தெரிந்தது. செம்மண்ணும் சாணியும் குழைத்து அப்பி, கிழித்த வேட்டியால் அடிபட்ட காலுக்குக் கட்டுவதுபோலச் சுற்றிக் கட்டியிருந்தது. ஒரு சுற்றை அவிழ்த்தாள். உள்ளே விரல் தடிமனில் பலாக்குச்சிகள், பதினாலு, மேல்பட்டைக்குள் ஒரு முனையும் கீழ்ப்பட்டைக்குள் ஒரு முனையுமாகச் செருகி, உரிந்த இடத்தைத் தாண்டிப் பாலம் பாலமாக நின்றன.

"கல்யாணத்துக்கு முந்தி பண்ணைக்காட்டு நர்சரியில ஆரஞ்சுக்கு ஒட்டுக் கட்டுவேன். கை மறக்கல" என்றாள் எஸ்தரம்மாவிடம். "இவுக உரிச்ச பட்டை. நான் பார்த்தது ஒரு வாரம் கழிச்சு. பார்த்த அன்னைக்கே கட்டிட்டேன்."

குருவப்பன் மரத்தைத் தொட்டுப் பார்த்தான். "ஏண்ணே?" என்றான். அவ்வளவுதான்.

"என் மரத்தைத் தொடலன்னுதான சொன்னேன்?" சடையாண்டி கத்தினான். "இந்த வருஷம் இது உன் மரம்டா! பொய்யா சொன்னேன்?"

"அடுத்த வருஷம் உங்களுதுண்ணே."

யாரும் சிரிக்கவில்லை. காசிம் ராவுத்தர் மட்டும், "மாப்ளே, அடுத்த வருஷத்துப் பழத்தையில்ல வெட்டிப்புட்டீரு" என்றார் மெதுவாக. சடையாண்டி அதை நினைத்தே பார்க்கவில்லை. அரிவாளை ஓங்கியபோது குருவப்பனின் வருஷம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. உட்கார்ந்துவிட்டான்.

"பிழைக்குமாம்மா?" என்று கேட்டார் எஸ்தரம்மா.

"கொழுந்து விட்டுச்சுன்னா பிழைக்கும்."

எஸ்தரம்மா சடையாண்டியின் விண்ணப்பத்தின் குறுக்கே 'மூன்று வருஷம் கழித்து' என்று எழுதினார். பிறகு பைக்குள் கைவிட்டுப் புதுத் தாள் ஒன்றை எடுத்து அவன் பெண்டாட்டியிடம் நீட்டினார். "ரெண்டாவது பெஞ்சுல ஒன்பது பேர்தான் இருக்காங்க. வர்றீங்களா?" குருவப்பனும் ராவுத்தரும் அங்கேயே, பலாவின் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

முதல் பெஞ்சில் முப்பத்தோரு பேர், இரண்டாவதில் இவளோடு பத்து. இரண்டு பெஞ்சுக்கும் ஒரே எடை. அப்படியென்றால் இவளுடைய ஓட்டு ஒன்று குருவப்பனுடைய ஓட்டு மூன்றுக்குச் சமம் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் சடையாண்டிக்கு விளங்கியது. ஒரு பக்கம் இனித்தது, மறுபக்கம் எரிந்தது. ஐம்பத்தைந்து வருஷம் வேலிக்கு அந்தப் பக்கம் மட்டுமே பார்த்து எரிந்த வயிறு, இப்போது வீட்டுக்குள்ளும் திரும்பிப் பார்த்து எரிந்தது. அவள் காலையில் குடத்தோடு போனால் இவன் பின்னாலேயே போனான். கட்டுக்கு அவள் தண்ணீர் தெளித்தால், "கொடு, நான் தெளிக்கிறேன், நீ என்ன பெரிய இவளா" என்று செம்பைப் பிடுங்கினான். அவள் கொடுத்தாள். ஒரு நாள் தெளித்தான், மறுநாளும் தெளித்தான், தன் மூன்றாவது வேட்டியைத் தானே கிழித்துக் கொடுத்தான்.

அவள் பெயர் தொங்கிய முப்பது நாளும் முடிந்து, ஆட்சேபம் ஒன்றும் இல்லாமல் கூட்டமும் கலைந்து, வைகாசி மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, எல்லைப் பலாவின் கிளை நுனியில் ஈரப் பச்சையாக ஏழு கொழுந்து விட்டிருந்தது. அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு, ஊர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, படுத்திருந்த நிழல்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. நுனி முறிந்த ஓக்கு முதலில் எழுந்தது. பலாவின் நிழல்மேல் ஏறி, வேலியைத் தாண்டி, கருகியது போக மிச்சமிருந்த செடிகளின்மேல் தடவிக்கொண்டே போய், எல்லாம் அதனதன் மரத்தடியில் அதனதன் அளவுக்குப் படுத்துக்கொண்டன. இரண்டு ஏக்கர் செத்திருந்தது. இரண்டு ஏக்கர் பிழைத்தது. கோழிகள் குழம்பிப்போய் ஒரு வாரம் முட்டையே இடவில்லை. ராவுத்தர் பாய்லரை வேலியோரத்துக்கு நகர்த்தினார், ஒரு பெஞ்சு அந்தப் பக்கம், ஒரு பெஞ்சு இந்தப் பக்கம்.

"மழை வாசம் பட்டிருக்கும், அதான் திரும்பிருச்சு" என்றான் ஒருவன். "கருப்பசாமி கொண்டாந்து விட்டது" என்றான் இன்னொருவன். "சங்கத்தம்மா ஹெல்மெட்டோட வந்துச்சுல்ல, அதுக்குப் பயந்து" என்றார் டிரைவர்.

சடையாண்டி இந்தப் பக்கத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். மூன்று மாதம் கழித்து அன்றுதான் டீ குடித்தான்.

பலகை எழுதுகிறவன் பச்சைத் தகரத்தோடு வந்தான். சடையாண்டியின் வாசலில், கல்தூண் ஊன்றித் தயாராக இருந்தது, குருவப்பன் தூணுக்கு நேர் எதிரே. அவள் உள்ளே அடுப்படியில் இருந்தாள்.

"சடையாண்டி மனைவின்னு போட்டுரவா, ஐயா?"

சடையாண்டி எதிர்ப்பலகையைப் பார்த்தான். "அதுல என்ன எழுதியிருக்கு? இன்னார் புருஷன்னு எழுதியிருக்கா?"

"இல்லைங்க. அவர் பேருதான்."

"அப்ப இதுலயும் பேருதான். எழுத்து அவனுதைவிட ஒரு விரல் உயரமா இருக்கணும், சொல்லிட்டேன். நான் அளந்து வச்சிருக்கேன்."

"சரிங்க. என்ன பேரு?"

சடையாண்டி வாயைத் திறந்தான். நாற்பது வருஷம் நாக்கில் ஏறாத சொல், துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி முதலில் நகர மறுத்தது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. தலைக்குமேல் நின்ற ஓக்கு மரத்தின் நிழல் அவன் தோளில் விழுந்திருந்தது. எதிரே குருவப்பன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குக் கேட்கட்டும் என்றே, ஊருக்கே கேட்கிற குரலில் சடையாண்டி சொன்னான்:

"சிவனம்மாள்."